ஆண்டவருக்குக் கட்டிய மூட்டை

ஈசாக்குக்கு இருந்த கோபம் இன்று நேற்று வந்ததல்ல, போன வருஷத்துக் கோபம். அறுப்பின் பண்டிகை என்றால் விளைச்சலில் ஒரு பங்கைக் கோயிலில் ஆண்டவருக்குப் படைக்கிற நாள். போன வருஷம் அந்த நாளில் பக்கத்துத் தோட்டத்து யோபுவின் கடலை மூட்டை, ஈசாக்கின் மூட்டையைவிட ஒரு சாண் உயரமாக நின்றது. ஊரே யோபுவின் மூட்டையைத்தான் பார்த்தது.

இந்த வருஷமோ மழை ஏமாற்றிவிட்டது. கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே பூமி ஓடு மாதிரி இறுகிக் கிடந்தது. பிடுங்கினால் செடி மட்டும் கையோடு வந்தது. பாதிக் கடலை மண்ணுக்குள்ளேயே தங்கிவிட்டது.

அப்படித் தங்கிப்போவதற்குத் தப்புக்கடலை என்று பெயர். அறுவடை முடிந்ததும் கூலிக்கு வந்தவர்கள் கூடையும் குச்சியுமாக வந்து கிண்டிப் பொறுக்கிக்கொள்வார்கள். யாரும் யாரையும் கேட்பதில்லை. ஈசாக்கின் அப்பா காலத்திலும் அப்படித்தான்.

"இந்த வருஷம் ஒருத்தரும் நம்ம கடலைக்காட்டுல கால் வெக்கக் கூடாது" என்றார் ஈசாக்கு. "தப்புக்கடலையும் நாமளே பொறுக்கி மூட்டையில சேக்கறோம். எல்லாம் ஆண்டவருக்குத்தான்!"

"ஆண்டவருக்கா, யோபு அண்ணனுக்குக் காட்டறதுக்கா?" என்றாள் அவர் மனைவி சாராள், அடுப்பை ஊதிக்கொண்டே.

ஈசாக்குக்குக் காது கேட்கவில்லை. சில நேரம் அவருக்கு அப்படி ஆகும்.

"அம்மிணி, நீ போய்க் காவலுக்கு நில்லு" என்றார் மகளிடம்.

மகள் ஞானமணிக்குப் பத்து வயது. முதலில் யார் வருவார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

வந்தார்கள். மருதாத்தாளும் அவள் மகள் செல்லாத்தாளும்.

செல்லாத்தாளும் ஞானமணியும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. ஒரு சிலேட்டுக்குச்சியை உடைத்து ஆளுக்குப் பாதி வைத்துக்கொள்கிறவர்கள். இந்தக் காட்டில் கடலை பிடுங்கியவளே மருதாத்தாள்தான். அவள் உள்ளங்கைக் கொப்புளம் இன்னும் ஆறவில்லை. அவள் புருஷன் வேலை தேடிக் கஞ்சிக்கோட்டுக்குப் போனான், போனவனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. இந்த வருஷம் அவர்கள் வீட்டில் தப்புக்கடலைதான் சோறு.

"செல்லா, இன்னிக்கு வேண்டாம்டி."

"ஏன்? விட்டா எலி தின்னுரும்."

"அப்பா யாரையும் உள்ள விடக் கூடாதுன்னாரு. நான் காவல்."

செல்லாத்தாள் சிரித்துவிட்டாள். "நீ காவலா? உன்னப் பாத்தா கோழிகூடப் பயப்படாது, போடி!"

அப்படியே உட்கார்ந்து குச்சியால் மண்ணைக் கிண்ட ஆரம்பித்தாள். ஞானமணி தடுக்கவில்லை. தடுக்க அவளுக்கு மனமில்லை.

அந்த நேரம் பார்த்து ஈசாக்கு வந்தார்.

"எந்திரி! மடியில என்ன?"

"தப்புக்கடலைதானுங்க" என்றாள் மருதாத்தாள். "வருஷா வருஷம் பொறுக்கறதுதானுங்களே."

"இந்த வருஷம் அது ஆண்டவரோடது. கொட்டு!"

செல்லாத்தாள் பாவாடை மடியை அவிழ்த்தாள். ஒரு கைப்பிடிக் கடலை மண்ணோடு விழுந்தது. ஈசாக்கு குனிந்து, ஒன்று விடாமல் எடுத்துக்கொண்டார். செல்லாத்தாள் அவரைப் பார்க்கவில்லை. ஞானமணியைத்தான் பார்த்தாள். அழவும் இல்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

அந்தக் கைப்பிடிக் கடலையும் மூட்டைக்குள் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஈசாக்கின் மூட்டைதான் உயரம். அவர் மீசையைத் தடவிக்கொண்டார். "ஈசாக்கு மாதிரி தாராள மனசு எல்லாருக்கும் வேணும்!" என்று போதகர் ஐயா புகழ்ந்தார்.

ஞானமணி எழுந்தாள். நேராக மூட்டையிடம் போய், கைவிட்டு ஒரு பிடிக் கடலையை எடுத்தாள்.

"என்ன கண்ணு இது?" என்றார் போதகர்.

"இது ஆண்டவரோடது இல்லீங்க ஐயா. செல்லாத்தா மடியில இருந்து புடுங்குனது. காட்டுல சிந்துனத ஏழைங்களுக்கு விட்டுரணும், அது கடவுளோட சட்டம்னு போன வாரம் நீங்கதானே எங்களுக்குச் சொல்லிக் குடுத்தீங்க?"

யோபு இருமினார். அது சிரிப்பை மறைக்கிற இருமல்.

"அதெல்லாம் அப்பறம் பேசிக்கலாம், உக்காரு" என்றார் போதகர். மூட்டைக்கு முன்னால் அவருக்கும் சொன்ன பாடம் மறந்துவிட்டது.

ஞானமணி உட்காரவில்லை. கடலையைப் பாவாடை நுனியில் முடிந்துகொண்டு செல்லாத்தாள் வீட்டைப் பார்த்து ஓடினாள்.

அவளைப் பார்த்ததும் செல்லாத்தாள் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"மருதக்கா, இது உங்களுது" என்று நீட்டினாள் ஞானமணி.

மருதாத்தாள் வாங்கவில்லை. "நீ நல்ல புள்ள. ஆனா எடுத்துட்டுப் போ கண்ணு. காட்டுல விட்டாப் பொறுக்குவோம், அது எங்களுக்கு உள்ளது. நீங்க குடுத்து நாங்க வாங்கிக்க என்ன பிச்சைக்கா வந்தோம்?"

வீட்டில் ஈசாக்கு வாசலிலேயே நின்றார்.

"அத்தன பேர் முன்னால எம் மானத்த வாங்கிட்டயே!"

"அவங்க மானத்த நீங்க மொதல்லயே வாங்கிட்டீங்கப்பா."

ஓங்கிய கை அப்படியே நின்றது. ஞானமணி அழுதுகொண்டே மருதாத்தாள் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். ஈசாக்கு மாட்டுக்கொட்டகைக்குப் போய்விட்டார்.

"ஆண்டவருக்கு மூட்டை கட்டின ஊட்டுல ஒருத்தருக்கும் சோறு எறங்கல" என்று சாராள் சட்டியை மூடி வைத்தாள்.

மறுநாள் விடிந்ததுமே ஈசாக்கு கடலைக்காட்டில் ஏர் பூட்டினார். இறுகின மண்ணில் மாடுகள் திணறின. சால் சாலாக மண் புரண்டு, ஒளிந்துகிடந்த கடலையெல்லாம் வெளியே வந்தது. ஒன்றைக்கூட அவர் பொறுக்கவில்லை.

"மருதாத்தாகிட்டப் போய் உழுதாச்சுன்னு சொல்லு."

"பொறுக்க வரச் சொல்லட்டுமாப்பா?"

"உழுதாச்சுன்னு சொல்லு. போதும்."

மன்னிப்புக் கேட்டுப் பழகாத வாய் அது. மாட்டை அவிழ்த்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போனார்.

மருதாத்தாள் கூடையோடு வந்தாள். செல்லாத்தாள் வரப்போடு நின்றுகொண்டாள்.

"அந்த மண்ணுல நான் கால் வெக்க மாட்டேன்" என்றாள். முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

ஞானமணி கெஞ்சவில்லை. பாவாடை முடிச்சை அவிழ்த்து, அந்தக் கைப்பிடிக் கடலையை உழுத சாலில் வீசினாள். பிறகு மருதாத்தாளுக்குப் பக்கத்தில் குந்தி, அதைப் பொறுக்கிக் கூடையில் போட்டாள். மருதாத்தாள் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லை.

வெயில் ஏறியது. நகக்கண்ணில் மண் குத்தியது, முதுகு விண்விண் என்று வலித்தது. செல்லாத்தாள் செய்யவேண்டிய வேலையை ஞானமணி செய்துகொண்டிருந்தாள். வரப்பிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. இனி அவள் பேசவே மாட்டாள் என்று நினைத்தபோது கண்ணில் நீர் முட்டியது.

பொழுது சாயும் நேரத்தில் வரப்பிலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏய்! அந்தச் சால்ல பாதிய விட்டுட்டுப் போற! பொறுக்கவாச்சும் தெரியுதா உனக்கு?"

"எங்கடி?"

"உங் காலுக்குக் கீழதான்டி, குருட்டுக் கழுத!"

செல்லாத்தாள் வரப்பைவிட்டு இறங்கவில்லை. ஆனால் இருட்டும்வரை திட்டிக்கொண்டே இருந்தாள். ஞானமணி ஒவ்வொரு திட்டுக்கும் ஒரு கடலை பொறுக்கினாள்.