டிரைவர் மாமாவின் ஜன்னல் பக்கக் கன்னம்

சிறுமி பட்டாணியின் அப்பா போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். யார் வந்து உட்கார்ந்தாலும் சரி, அவர்கள் முகத்தைக் கம்ப்யூட்டரில் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிடுவார். யாரும் கேட்காமலேயே செய்வார். கை சும்மா இருக்காது.

அன்று மாலை நாலு மணிக்கு, காலையில் படம் எடுத்துப் போன லாரி டிரைவர் கோபமாக வந்து நின்றார்.

"என்ன தம்பி இது? 'உங்க மகன் போட்டோவைக் கொண்டு வந்துட்டீங்களா'ன்னு லைசென்ஸ் ஆபீஸ்ல கேக்குறாங்க! லைசென்ஸைப் புதுப்பிக்க இன்னைக்குத்தான் கடைசி நாள். அஞ்சு மணிக்குள்ள கொடுக்கலேன்னா நாளையிலேருந்து நான் லாரியைத் தொட முடியாது!"

அப்பா படத்தை உற்றுப் பார்த்தார். "கன்னம் ரெண்டும் ஒரே மாதிரி இல்லண்ணே. அதான் கோளாறு."

வழவழப்பாக இருந்த கன்னத்தை அப்படியே நகலெடுத்து மறுபக்கம் ஒட்டினார். டிரைவர் எதிரே இருந்த ஆபீஸுக்கு ஓடினார். போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"இப்போ பேரன் போட்டோவாம்!"

அப்பா தலையைச் சொறிந்தார். "லைட்டுதான் சரியில்ல போல..."

மணி நாலு நாற்பது.

பக்கத்தில் நின்ற பட்டாணி படத்தைப் பார்க்கவில்லை. டிரைவரையே பார்த்தாள். இரண்டு கன்னத்திலும் லேசான சுருக்கம் இருந்தது. ஆனால் ஒரு கன்னத்தில் மட்டும் ஆழமான கோடுகள், பழுப்புப் புள்ளிகள், கொஞ்சம் தொய்வு. அவருக்குப் பின்னால் நீலத் திரை தொங்கியது. அதிலும் கடை ஜன்னலை ஒட்டிய ஓரம் மட்டும் வெளுத்து, நைந்து போயிருந்தது.

"மாமா, லாரி ஓட்டும்போது ஜன்னல் எந்தப் பக்கம்?"

அவர் கோடு விழுந்த கன்னத்தைத் தொட்டார். "இந்தப் பக்கம்தான் பாப்பா. முப்பது வருஷமா."

"அப்போ ரெண்டு கன்னத்துக்கும் ஒரே வயசுதான். ஆனா இதுக்கு மட்டும் வெயிலும் சேர்ந்திருக்கு, நம்ம திரை மாதிரி! அப்பா, அதையெல்லாம் அழிச்சுட்டா மாமாவை யாருக்கு அடையாளம் தெரியும்?"

"அட, ஆமா!" என்றார் அப்பா.

மறுபடி படம் எடுத்தார். பழக்க தோஷம், கை மெல்ல மவுஸ் பக்கம் போனது. பட்டாணி மவுஸை வெடுக்கென்று எடுத்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

"சரி, சரி!"

ஐந்து மணிக்கு டிரைவர் சிரித்துக்கொண்டே வந்தார். "ஆபீசர் என்னைப் பார்த்தாரு. போட்டோவைப் பார்த்தாரு. ஓங்கி முத்திரை குத்திட்டாரு!"

அப்பாவுக்குத் தாங்க முடியாத சந்தோஷம். "அண்ணே, இந்தப் படத்தைப் பெரிசாக்கிக் கடை வாசல்ல மாட்டட்டுமா?"

"தாராளமா மாட்டுங்க தம்பி. ஆனா வெயில் படாத இடமாப் பார்த்து மாட்டுங்க!"