நிறுத்துங்க

அவன் எழுந்தான். பல் தேய்த்தான். பாலில்லாத காபி போட்டுக் குடித்தான். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தான். பால்கனிக் கதவு சாத்தியே இருந்தது. தடித்த இரட்டைக் கண்ணாடி. சாத்திவிட்டால் நான்கு மாடிக்குக் கீழே இரையும் கடைத்தெரு ஊமைப்படமாக ஓடும். வீட்டை விற்றவர்கள் அதைத்தான் பெருமையாகச் சொன்னார்கள்.

மணி அடித்தது. துப்பறிவாளரும், அவருக்கு உதவியாக அவருடைய மைத்துனனும் வந்திருந்தார்கள். செருப்பைக் கழற்றுவதற்குள்ளேயே மைத்துனன் சந்தேகப்பட ஆரம்பித்திருந்தான்.

"போன மாசம் என் மனைவி கீழே தெருவுல விழுந்து இறந்துட்டா," என்றான் அவன். "இதயம். அதுல மர்மம் இல்ல. விழறதுக்குக் கொஞ்சம் முன்னாடி என்னைப் பாத்து ஏதோ கத்தினா. கண்ணாடிக்குப் பின்னால நின்னேன், கேக்கல. கையாட்டிட்டு உள்ளே போயிட்டேன். என்ன சொன்னான்னு எனக்குத் தெரியணும்."

"தெருவுல யாருக்கும் கேக்கலையா?"

"டாக்ஸிய நிறுத்தச் சொன்னதா டிரைவர் சொல்றாரு. எடை போடச் சொன்னதா காய்காரம்மா சொல்றாங்க. டாக்ஸின்னா..." கண்ணாடிக் கதவைப் பார்த்தான். "அப்பவே வலி வந்திருக்கு. என்னைக் கூப்பிட்டிருக்கா. நான் கையாட்டியிருக்கேன்."

"ரெண்டுல ஒருத்தர் பொய் அத்தான். எனக்கென்னவோ அந்த டிரைவர்..."

"காலையில என் மேலயே உனக்குச் சந்தேகம் மாப்ளே. சும்மா இரு."

துப்பறிவாளர் சமையலறைக்குள் போனார். மேடையில் அவளுடைய செல்போன். பக்கத்தில் அடி கருகிய பால் பாத்திரம்.

"போனை அன்னைக்கு எடுத்துட்டுப் போகலையா?"

"இல்ல. இங்கதான் இருந்துச்சு. பாலும் அவ வெச்சதுதான். தீஞ்ச வாசனை வந்து அணைச்சேன். அப்பத்தான் கீழே கூட்டம் கூடுச்சு. தேய்க்க மனசு வரல."

துப்பறிவாளர் டிரைவரையும் காய்காரம்மாவையும் மேலே வரவழைத்தார்.

"அவங்க சொன்ன வார்த்தைய அப்படியே சொல்லுங்க."

"'நிறுத்துங்க'ன்னாங்க," என்றார் டிரைவர்.

"எனக்கும் காதுல 'நிறுத்து'ன்னுதான் விழுந்துச்சு. மிச்சம் சத்தத்துல போச்சு. 'நிறுத்துக் குடுங்க'ன்னுதான சொல்லியிருப்பாங்க? இவரு ஓட்டை வண்டிய எதுக்குக் கேக்கறாங்க?"

"ஆமா, உன் தராசு ஆடற ஆட்டத்த நிறுத்தச் சொன்னாங்களோ என்னவோ!"

"ரெண்டு பேரும் ஒரே வார்த்தையத்தான் கேட்டிருக்கீங்க," என்றார் துப்பறிவாளர். "வண்டி அப்ப ஓடிட்டிருந்துச்சா?"

"இல்ல சார். நிழல்ல போட்டுட்டு டீ குடிச்சிட்டிருந்தேன்."

"காய், அம்மா?"

"எடை போட்டு அவங்க பையில கொட்டியாச்சே..." என்றவள் தானே வாயை மூடிக்கொண்டாள்.

"நிக்கிற வண்டிய யாரும் நிறுத்தச் சொல்ல மாட்டாங்க. நிறுத்த காயை மறுபடி நிறுக்கச் சொல்ல மாட்டாங்க. அவங்க முகம் மாடியப் பாத்து இருந்துச்சு. கையில போன் இல்ல, அதான் கத்தினாங்க. 'அடுப்ப நிறுத்துங்க.' வலி இல்லைங்க. பால் நினைப்பு."

அவன் பாத்திரத்தை எடுத்தான். கருகிய இடத்தை விரலால் தடவினான்.

"அப்புறம் ஒண்ணுமே சொல்லலையா?"

துப்பறிவாளர் பால்கனிக் கதவைத் திறந்தார். தெரு மொத்தமும் சத்தத்தோடு உள்ளே வந்தது. காய்காரம்மா எட்டித் தன் வண்டியைப் பார்த்தாள்.

"இங்க நின்னுதான கையாட்டினீங்க? அதப் பாத்துட்டு அவங்களுக்கு ஒரே சிரிப்பு. யாரும் எங்கிட்ட விசாரிக்கல, நானும் பெருசா நெனைக்கல. என் பக்கம் திரும்பிச் சொன்னாங்க..."

"என்ன சொன்னா?"

"'அவருக்கு ஒண்ணும் கேக்கலக்கா. ஆனா கையாட்டறாரு பாருங்க, என்ன அழகா!'"