உடைக்கக் கூடாத சீல்

"எங்க வீட்டுக்காரர் கப்பலை விட்டு ஓடிட்டாருன்னு சொல்றாங்க சார். இத்தனை மாசம் கழிச்சு வர்ற மனுஷன் எதுக்கு ஓடணும்?"

துறைமுக வாசலை ஒட்டிய அந்தச் சின்ன அறையில் நாற்காலி இருந்தும் அவள் உட்காரவில்லை. மழையில் நனைந்த துணி உடம்போடு ஒட்டியிருந்தது. மேசைக்குப் பின்னால் இருந்தவர் கப்பல்களில் நடக்கும் திருட்டுகளையும் விபத்துகளையும் விசாரிப்பவர். அவருடைய நிதானத்தைப் பார்த்துத் துறைமுகத்தில் ஆமை என்று பெயர் வைத்திருந்தார்கள். வாய் ஓயாத உதவியாளனுக்கு ரேடியோ என்று பெயர்.

"கடைசியா எப்ப பாத்தீங்க?" என்றார் ஆமை.

"மதியம். கொட்டுற மழையில வேலிக்கு வெளிய நின்னேன். கப்பலோட பின்பக்கம் காவல் நிக்கிறது அவர்தான்னு வாசல் காவலாளி காட்டினாரு. ஆரஞ்சு உடுப்பு, தலையில ஹெல்மெட். கை வலிக்க வலிக்க ஆட்டினேன். அவர் திருப்பி ஆட்டவே இல்ல. மழைக்கு ஒதுங்கவும் இல்ல. என் மேல என்ன கோபமோன்னு நினைச்சேன். மழை விட்டதும் பாத்தா ஆளைக் காணோம்."

"தண்ணியில குதிச்சு…" என்று ஆரம்பித்த ரேடியோ, ஆமையின் பார்வையைக் கண்டு வாயை மூடிக்கொண்டான்.

"இருட்டுறதுக்குள்ள கப்பல் கிளம்பிடுமாம் சார்," என்றாள்.

கப்பலின் ஏணியில் பையைச் சோதித்து, கழுத்தில் அட்டை மாட்டி, இருவரையும் உள்ளே விட்டார்கள். விளக்கு மங்கிய கூரைத் தாழ்வாரத்தில் ரேடியோ திடீரென்று அலறினான். ஓர் ஓரத்தில் ஆரஞ்சு உடுப்பும் ஹெல்மெட்டுமாக ஆட்கள் ஒருவர் மேல் ஒருவராகக் கிடந்தார்கள்.

வழிகாட்டி வந்த சமையல்காரர் சிரித்தார். "பயப்படாதீங்க தம்பி. கந்தல் திணிச்ச பொம்மைங்க. நடுக்கடல்ல கொள்ளைக்காரங்க ஏமாறட்டும்னு ஓரத்துல கட்டி நிறுத்துவோம். எங்க கப்பல்லயே எதிர்த்துப் பேசாத ஆளுங்க இவங்கதான்."

ஆமை குனிந்து ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தார். அடியில் கிடந்தவை தூசி படிந்து உலர்ந்திருந்தன. மேலே கிடந்ததிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் கையைத் துடைத்துக்கொண்டு நடந்தார்.

அறையில் கேப்டனோடு, அவருக்கு அடுத்த அதிகாரியான சீஃப் ஆபீசர் காத்திருந்தார். "ஓடிட்டான் சார். ஊருக்குள்ள தேடுங்க."

"கப்பல் முழுக்கத் தேடிட்டீங்களா?"

"சீல் வெச்ச அறைகளைத் தவிர எல்லா இடமும். வெளிநாட்டுத் துறைமுகத்துலேர்ந்து வர்ற கப்பல் இல்லையா? யாராவது திருட்டுத்தனமா ஒளிஞ்சிருக்காங்களான்னு நுழையறதுக்கு முன்னாடியே அறை அறையா பாத்து, பூட்டி, சீல் வெக்கணும். துறைமுக அதிகாரிங்க வந்து பாத்தாச்சு. ஒரு சீல் உடைஞ்சாலும் கப்பலைத் திரும்ப வெளிக்கடலுக்கு அனுப்பி, முதல்லேர்ந்து தேடச் சொல்லுவாங்க."

"கடைசியா சீல் வெச்சது எதை?"

"முன்பக்கம் நங்கூரச் சங்கிலி அறை. அவன் டார்ச்சோட உள்ள இறங்கினான். நான் மேல வாசல்ல நின்னேன். வெளிய வந்தான், பூட்டினேன். அது காலையில. மதியம் அவன் பொண்டாட்டியே அவனைப் பாத்ததா வாசல் காவலாளி சொன்னாரு. பூட்டின அறைக்குள்ள காத்தா போயிருப்பான்?"

"நியாயமாத்தானே சார் இருக்கு," என்று முணுமுணுத்தான் ரேடியோ.

"அந்தம்மா பாத்தது அவ புருஷனை இல்ல," என்றார் ஆமை.

"கட்டின பொண்டாட்டி கையாட்டுறா, அசையல. மழை கொட்டுது, ஒதுங்கல. துறைமுகத்துக்குள்ள வந்ததும் பொம்மைகளை அவிழ்த்துடணும். அவசரத்துல பின்பக்கம் ஒண்ணை விட்டுட்டீங்க. கூரைக்குக் கீழ கிடக்கிற குவியல்ல அது ஒண்ணு மட்டும் சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்கு. மழை விட்டதுக்கு அப்புறம்தான் யாரோ கழட்டிப் போட்டிருக்காங்க. சரி, மதியம் நின்னது பொம்மைன்னா, அந்த மாலுமியைக் கடைசியா பாத்தது யாரு?"

கேப்டன் மெல்ல சீஃப் ஆபீசர் பக்கம் திரும்பினார்.

"கப்பலைத் துறைமுகத்துக்குள்ள ஓட்டிட்டு வர்ற பைலட் வர்றார்னு வாக்கி டாக்கில கூப்பிட்டாங்க," என்றார் சீஃப் ஆபீசர். "ஒரு நிமிஷம் போனேன். திரும்பி வந்தப்ப… ஏறிப் போயிருப்பான்னு நினைச்சுப் பூட்டிட்டேன்."

"சங்கிலியோட துரு உள்ள இருக்கிற ஆக்சிஜனையே தின்னுடும்," என்றார் கேப்டன். "உள்ள ஒருத்தன் இவ்வளவு நேரம்…"

"சீலை உடைச்சா கப்பலை வெளிய துரத்திடுவாங்க சார்!" என்றார் சீஃப் ஆபீசர்.

"துரத்தட்டும்," என்று கேப்டன் எழுந்து ஓடினார்.

சங்கிலி அறையின் சீலை உடைத்து இரும்பு மூடியைத் திறந்ததும் ரேடியோ உள்ளே குதிக்கப் பார்த்தான். சமையல்காரர் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார். "அந்தக் காத்தை மூச்சுல இழுத்தா நீயும் அங்கயே விழுந்துடுவே." முகமூடியும் காற்றுக் குடுவையும் மாட்டிய இருவர் இறங்கினார்கள். கீழே இருட்டு. ஒரு டார்ச் வெளிச்சம் சேற்றிலும் சங்கிலியிலும் அலைந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் மாலுமியின் மனைவி இரும்புக் கம்பியைப் பிடித்தபடி நிற்பது மேலிருந்து தெரிந்தது.

கயிறு இறுகியது. மேலே வந்த உடம்பு முழுக்கச் சேறாக இருந்தது. கை முட்டிகளில் தோல் இல்லை. முகமூடியை வைத்து அழுத்திப் பிடித்தார்கள். நெஞ்சு அசையவில்லை. பிறகு அசைந்தது. இருமினான்.

அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகக் கீழே வண்டி வந்தது. கேப்டன் குனிந்து, "பேசாதே, படு," என்றார். அவன் கேட்கவில்லை.

"மூடியைத் தட்டிக்கிட்டே இருந்தேன் சார். மழைச் சத்தம் நின்னப்புறம் மேலேர்ந்து யாரோ பதிலுக்குத் தட்டினாங்க. கண்டுபிடிச்சுட்டாங்கன்னு அழுதுட்டேன்." மூச்சு வாங்கினான். "அப்புறம் பூட்ஸ் சத்தம் தள்ளித் தள்ளிப் போச்சு."

சீஃப் ஆபீசர் ஏணிப் பக்கம் நகர்ந்தார். சமையல்காரர் குறுக்கே வந்து நின்றார்.