பத்து விநாடி

"மறுபடியும் பென்குயினா!"

அம்மா போட்ட சத்தத்தில் நண்டு கையிலிருந்த பென்சிலைத் தவறவிட்டாள். அவள் அண்ணன் நைசாகக் கதவுப் பக்கம் நகர்ந்தான்.

நண்டு என்பது அவளுக்கு வீட்டில் வைத்த பெயர். பள்ளியில் வேறு பெயர், அது இங்கே வேண்டாம்.

வீட்டில் இருப்பது ஒரே லேப்டாப். எம்பிராய்டரி மெஷினுக்கு டிசைன் அனுப்ப அம்மாவுக்கு விண்டோஸ் வேண்டும். போன வாரம் அண்ணன் அதே லேப்டாப்பில் லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளத்தையும் போட்டான். அதில்தான் நண்டு ஒரு கார்ட்டூன் செய்துகொண்டிருந்தாள். நேராக நடக்க ஆசைப்படும் ஒரு நண்டின் கதை. பாதி முடிந்திருந்தது.

லேப்டாப்பை ஆன் செய்தால் கறுப்புத் திரையில் இரண்டு பெயர்களும் வரும். பத்து விநாடிக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். யாரும் தொடாவிட்டால் பென்குயின் படத்தோடு லினக்ஸ் திறந்துவிடும்.

"பத்து செகண்ட் நிக்க முடியாதாம்மா?" என்றான் அண்ணன்.

"சும்மா நிக்க நேரமிருந்தா நான் தூங்கியிருப்பேன்டா! இன்னொரு தடவை இது வந்துச்சு, மொத்தமா அழிச்சிடு."

"என் படம்?" என்றாள் நண்டு.

"அதுவும்தான். நான் வேலை பார்க்க வேண்டாமா?"

அம்மா சமையலறைக்குப் போனதும் அண்ணன் ஒரு தாளில் 'அம்மா, நில்!' என்று பெரிதாக எழுதினான். லேப்டாப் மேல் ஒட்டப்போனான்.

"அடி வாங்கப் போறே," என்றாள் நண்டு. "அம்மா பட்டனை அமுக்கிட்டு மெஷினுக்குப் போயிடுவாங்க. நூல் கோப்பாங்க, பாபின் மாத்துவாங்க. அப்புறம்தான் திரும்பி வருவாங்க. நான் தினமும் பார்க்குறேன்."

"அதுக்கு?"

"நாம எங்கே போறோம்? ஆன் பண்ணிட்டு அதையே பார்த்துட்டு உட்கார்ந்திருக்கோம். நிக்காதவங்களுக்கு விண்டோஸ் தானா திறக்கட்டும். நாம லினக்ஸைத் தேர்ந்தெடுத்துக்கலாம்."

அண்ணன் முகம் சுருங்கியது. "லினக்ஸ்தான் முதல்ல வரணும். கஷ்டப்பட்டுப் போட்டது நான்."

"மொத்தமா அழிக்கப் போறதும் நீதான்."

அண்ணன் முனகிக்கொண்டே அமைப்புகளைத் திறந்தான். எது தானாகத் திறக்க வேண்டும் என்று சொல்லும் ஒரே ஒரு எண்ணைத்தான் மாற்ற வேண்டியிருந்தது. அதை நண்டு தட்டினாள்.

மறுநாள் அம்மா பட்டனை அமுக்கிவிட்டு மெஷினுக்குப் போனார். நூலைக் கோத்தார், பாபினை மாற்றினார். நண்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அம்மா திரும்பி வந்தபோது விண்டோஸ் திறந்திருந்தது. அவர் உட்கார்ந்து வேலையைத் தொடங்கினார். நண்டுக்கு அது போதும்.

சாயங்காலம் அண்ணன் தன் நண்பனைக் கூட்டி வந்தான். "என் லினக்ஸைப் பாரு!" என்று லேப்டாப்பை ஆன் செய்துவிட்டு, அதை எப்படிப் போட்டான் என்று வாய் ஓயாமல் பேசினான். திரும்பிப் பார்த்தால் விண்டோஸ்.

பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த அம்மாவின் மெஷின் நின்றது.

"ஏன்டா," என்றார் அம்மா, "பத்து செகண்ட் நிக்க முடியாதா?"