வெறும் கிரைண்டர்

"இன்று அதிகம் பசித்திருப்பது மூன்றாம் மாடி, சுகிர்தா இல்லம்," என்றது பசியறி.

மொட்டைமாடியில் கூடியிருந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். "பாவம், இன்னைக்கும் அவங்கதான்" என்று யாரோ உச்சுக்கொட்டினார்கள். சுகிர்தா தலையை நிமிர்த்தாமல் தன் மின்கலத்தை முதல் பொந்துக்கு மாற்றினாள்.

கடல் வேளச்சேரிக்குள் வந்து நிரந்தரமாகத் தங்கிவிட்ட பிறகு மின்கம்பி என்ற பேச்சே கிடையாது. நிவாரணப் படகு கட்டடத்துக்கு ஒரு சூரியத் தகட்டை இறக்கிவிட்டுப் போனது. கதவு அகலம்கூட இல்லாத தகடு. யார் கலத்தை முதலில் மாட்டுவது என்று மண்டைகள் உடைந்த பிறகுதான் பசியறி என்ற பேசும் பெட்டி வந்தது. வந்திருக்கும் கலங்களிலெல்லாம் அது ஒரு சொட்டு மின்சாரத்தை இழுத்து ருசி பார்க்கும். எது ரொம்பக் காலியோ அதற்கு முதல் வெயில். அது நிரம்பியதும் அடுத்தது. சிபாரிசு செல்லாது, லஞ்சம் செல்லாது. இந்தப் பெட்டியை ஏமாற்ற எவனாலும் முடியாது என்று கட்டடமே மார்தட்டிக்கொண்டது.

சுகிர்தா ஏமாற்றினாள். அதற்குப் பெரிய மூளை தேவைப்படவில்லை. அவள் படகில் இட்லி விற்பவள். மாவரைத்த பிறகும் கலத்தில் கொஞ்சம் மிஞ்சும்; மிஞ்சினால் மறுநாள் வரிசையில் பின்னுக்குப் போக வேண்டும். எனவே அரிசியும் இல்லாமல் உளுந்தும் இல்லாமல் கிரைண்டரை ஓடவிட்டாள். கல் தேயக்கூடாதென்று ஒரு சொம்பு தண்ணீர் மட்டும் ஊற்றுவாள். கலம் காலியாகும்வரை கிரைண்டர் தண்ணீரை அரைத்தது. வெயில் காலத்தில் யாருக்கும் நஷ்டமில்லை, சாயங்காலத்துக்குள் எல்லார் கலமும் நிரம்பிவிடும். அதனால் அவள் மனசாட்சியும் வாயைத் திறக்கவில்லை.

ஐப்பசி பிறந்தது. மேகம் கட்டிக்கொண்டு நகர மறுத்தது. தகடு பாதி வரிசையைத் தாண்டுவதே அதிசயமாயிற்று. கடைசியில் நின்றவர் நான்காம் மாடி சவரிமுத்து, முன்னாள் பஸ் கண்டக்டர். அவர் மனைவி லூர்தம்மாளுக்கு நுரையீரல் கெட்டுப்போயிருந்தது. மூச்சுப்பொறி இல்லாமல் இரவில் படுக்க முடியாது. அது சொட்டுச் சொட்டாகத்தான் குடிக்கும் என்றாலும் நடுவில் நின்றுவிடக் கூடாதே என்று மனிதர் விளக்குப் போடமாட்டார், ஃபேன் போடமாட்டார். இருட்டிலேயே சாப்பிட்டுக் கலத்தில் எப்போதும் பாதி மிச்சம் வைத்திருந்தார். அந்த மிச்சமே வினையாகிவிட்டது. பசியறியின் கணக்கில் அவர் வயிறு நிறைந்தவர்.

ஒரு மத்தியானம் அவர் தன் கலத்தைச் சுமந்துகொண்டு சுகிர்தாவின் வாசலில் வந்து நின்றார்.

"தங்கச்சி, பெட்டி தெனம் உங்க பேரையே சொல்லுது. மனசு கேக்கல. இதுல கொஞ்சம் கெடக்கு, மாவரைச்சுக்கிட்டுக் குடுங்க."

"அய்யோ, அக்காவுக்கு?"

"ராத்திரிக்குள்ள குடுத்தாப் போதும். பகல்ல முதுகத் தடவிவிட்டா சமாளிச்சுக்குவா."

செருப்பால் அடித்திருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது. அழுகையும் பேச்சுமாக எல்லாவற்றையும் கொட்டினாள். தன் கலத்தைப் பிடுங்கி அவரிடம் நீட்டினாள். "எடுத்துட்டுப் போங்கண்ணே. இது உங்களுக்கு வரவேண்டியது."

சவரிமுத்து கோபப்படவில்லை. கிரைண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ, மிச்சம் புடிச்சதுதான் நான் செஞ்ச தப்பா?"

அவள் கலத்தை மறுபடியும் அவர் பக்கம் தள்ளினாள்.

"இது உங்க பொழப்பும்மா, வச்சுக்குங்க. வழி சொல்லிட்டீங்கள்ல, அது போதும்," என்று அவர் தன் கலத்தோடு மேலே ஏறிப்போனார்.

சுகிர்தாவுக்கு நெஞ்சு லேசானது. அன்று வெறும் கிரைண்டரை ஓட்டவில்லை. மறுநாள் மொட்டைமாடிக்கே போகாமல் தன் முறையை விட்டுக்கொடுத்து, இருந்த மிச்சத்தில் மாவரைத்து முடித்தாள். வரிசை அன்றும் சவரிமுத்துவரை வரவில்லை என்று கேள்விப்பட்டாள். பொழுது சாயும்போது படகைக் கட்டிவிட்டு நிமிர்ந்தவள், எப்போதும் இருண்டு கிடக்கும் நான்காம் மாடி ஜன்னல் கல்யாண வீடு மாதிரி ஜொலிப்பதைப் பார்த்தாள்.

பதறிக்கொண்டு ஏறினாள். எல்லா விளக்கும் எரிந்தது, ஃபேன் சுற்றியது. லூர்தம்மாள் தலையணையில் சாய்ந்து, மூக்கில் குழாயோடு, ஏதோ விசேஷத்துக்கு உட்கார்ந்திருப்பவளாகச் சிரித்தாள்.

"அண்ணே, ஆஃப் பண்ணுங்க!"

"ஒரே ஒரு ராத்திரிதாம்மா. தடவிக் குடுத்துப் பாத்துக்கறேன். நாளைக்கு நம்ம பேருதான் மொதல்ல."

அவர் சொல்லி வாய் மூடவில்லை, விளக்குகள் அணைந்தன. மூச்சுப்பொறியும் நின்றது. இருட்டில் லூர்தம்மாள் இழுக்கும் மூச்சு மட்டும் கேட்டது.

சுகிர்தா கீழே ஓடித் தன் கலத்தைத் தொட்டுப் பார்த்தாள். மாவரைத்ததில் தீர்ந்து போயிருந்தது. கதவு கதவாகத் தட்டினாள். யார் வீட்டிலும் ஒரு சொட்டு இல்லை. எல்லாரும் அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினார்கள். ஒரு வீட்டில் வெறும் மிக்ஸி அப்போதுதான் ஓடி ஓய்ந்திருந்தது. ஜார் இன்னும் சுட்டது.

விடியும்போது லூர்தம்மாளுக்கு எந்தப் பொறியும் தேவைப்படவில்லை. அவள் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த சவரிமுத்து, காலிக் கலத்தைச் சுகிர்தாவின் கையில் திணித்தார். "முறை போயிரும்மா. கொண்டு போய் வையி."

தன்னால்தான், தன்னால்தான் என்று ஒவ்வொரு படியிலும் நினைத்துக்கொண்டே அவள் ஏறினாள்.

"இன்று அதிகம் பசித்திருப்பது நான்காம் மாடி, சவரிமுத்து இல்லம்," என்றது பசியறி.

"அப்பாடா, ஒருவழியா அவருக்கும் கெடச்சுது," என்று கூட்டம் வழிவிட்டது. சுகிர்தா கலத்தை முதல் பொந்தில் வைத்தாள். அன்றைக்கென்று வெயில் சுள்ளென்று அடித்தது.