வெளுத்த கல்

ஒரு வாளித் தண்ணீரைச் சுவரில் வீசினாள் சந்தனம்மாள். ஒரு சொட்டுகூடத் தரைக்கு வரவில்லை.

தொண்ணூற்றெட்டு சித்திரை. பந்தல்குடியில் கோழிகூட நிழலை விட்டு நகராத வெயில். உள்ளறையில் ஐந்து வயது மகள் முருகலட்சுமி காய்ச்சலில் கிடந்தாள். அறை குளிர்ந்தால் பிள்ளைக்கு ஆகும் என்று, குடிக்க உதவாத உப்புக்கிணற்று நீரை மத்தியானமெல்லாம் சுவரில் அடித்துக்கொண்டிருந்தாள். நல்ல தண்ணீரை வீணடிக்க இந்த ஊரில் யாருக்குக் கை வரும்?

அது புதுப் பூச்சு. சுண்ணாம்புக் காளவாசல் வைத்திருக்கும் அவள் புருஷன் வீரணன், தூத்துக்குடியிலிருந்து லாரியில் வந்த பவளக்கல்லை இந்த முறை சுடாமலே இடித்து, பழைய சுண்ணாம்பில் கலந்து பூசியிருந்தான். "சுடாமலே இம்புட்டு வெள்ளை, வெறகு மிச்சம்" என்று ஒரே பெருமை. லோடு இறக்கிய டிரைவர் தனுஷ்கோடிக்குத்தான் முகம் சரியில்லை.

"கடலு கொதிக்குதுக்கா. கல்லுக்குள்ள இருக்க உசுரு, சூடு தாங்காம, தனக்குச் சோறு போடுற பாசியத் துப்பிட்டு வெளுத்துப் போச்சாம். சங்கு குளிக்கிறவுக சொல்றாக. சாகலையாம், பட்டினியாக் கெடக்காம். தண்ணி குளுந்து எரை கெடைச்சா நெறம் திரும்பிருமாம்."

"கல்லுக்குப் பசியா?" என்று அன்றைக்குச் சிரித்திருந்தாள் சந்தனம்மாள்.

பொழுது சாயும்போது கரண்ட் போனது. அரிக்கேனை ஏற்றும்போதே காதில் விழுந்தது, கடுகு பொரிவதுபோல் ஒரு சத்தம், உள்ளறைச் சுவர்களிலிருந்து, விட்டு விட்டு. கூடவே மீன்கூடையைத் திறந்த மாதிரி ஒரு கவிச்சி. அடுப்போ அணைந்து கிடந்தது.

"லட்சுமி... ஏத்தா?"

"செவரு குளுகுளுன்னு இருக்கும்மா. ஒட்டிப் படுத்திருக்கேன்."

காய்ச்சல் விட்டிருக்கும் என்ற நிம்மதியோடு விளக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

சுவர் வெள்ளையாக இல்லை.

பழுப்பு. அதில் இளஞ்சிவப்பு. பிள்ளை ஒட்டியிருந்த இடத்திலிருந்து மேலே மேலே பரவியது. கடுகளவு வாய்கள். சுவர் முழுக்க. திறந்தன. மூடின.

"இங்க வாத்தா!" கையைப் பிடித்து இழுத்தாள். சுவரை விட்டு உடம்பு வரவில்லை. முகம் மட்டும் திரும்பியது.

உதடு வெள்ளை. தலைமுடி வெள்ளை. கருவிழியும் வெள்ளை.

"பசிக்குதும்மா."

பிஞ்சு விரல்கள் இறுகின. சந்தனம்மாள் கையை விடவில்லை. அவள் விரல்நுனிகள் வெளுத்தன. பிறகு உள்ளங்கை. பிறகு மணிக்கட்டு.

பிள்ளையின் உதட்டில் மெல்ல நிறம் திரும்பிக்கொண்டிருந்தது.