கறுப்புப் பட்டை

படத்தின் மேலே இருந்த கறுப்புப் பட்டை, கீழே இருந்ததைவிடக் கொஞ்சம் தடிமனாகத் தெரிந்தது. வேறு யார் கண்ணிலும் பட்டிருக்காது. ஆனால் தோசைக்கல்லைக்கூட ஸ்கேல் வைத்து அளக்கிற ஆசாமி என்று அவனுக்கு வீட்டில் பெயர்.

பழைய டிவி பெட்டிகளுக்கு உயிர் கொடுப்பது அவனுடைய விடுமுறை நாள் பைத்தியம். போனில் எடுக்கும் வீடியோ படம் அகலமானது; அந்தக் காலத் திரையோ கிட்டத்தட்ட சதுரம். கணினியில் படத்தை மாற்றி டிவிக்கு அனுப்பும்போது பக்கங்களை வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் படத்தைச் சுருக்கி மேலும் கீழும் கறுப்புப் பட்டை வைக்க வேண்டும்.

"போன தடவை எங்கண்ணனைப் பாதியா வெட்டிட்டீங்க. மனுஷன் இன்னும் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கார்," என்று மனைவி சிரித்தாள். அதனால் இந்த முறை பட்டை.

போன வாரம் இதே கூடத்தில், இதே சோபாவில், மனைவியும் ஐந்து வயது மகளும் கைதட்டி விளையாடியபோது அவன் எடுத்த வீடியோ அது. இப்போதும் இருவரும் அவன் முதுகுக்குப் பின்னால் அதே சோபாவில்தான் இருந்தார்கள். வெளியே மழை அடங்கி ஜன்னல் கம்பிகளில் சொட்டிக்கொண்டிருக்க, சூடேறிய பெட்டிக்குள்ளிருந்து கருகிய தூசி வாசனையும், காதுக்குள் கொசு நுழைந்தாற்போல் மெல்லிய ரீங்காரமும் வந்துகொண்டிருந்தன.

"அப்பா, மேல யாரோ இருக்காங்க."

"அது வெறும் கறுப்புடா கண்ணு. நான்தான் வச்சேன்."

கணினியைப் பார்த்தான். அதில் இரண்டு பட்டைகளும் ஒரே அளவு. டிவியில் மட்டும் மேல்பட்டை இறங்கிக்கொண்டிருந்தது. அதன் ஓரம் நேர்கோடாக இல்லை. உள்ளிருந்து விரல்கள் பற்றியிருப்பதுபோல் மேடும் பள்ளமுமாக இருந்தது.

படத்தில் மகள் கைதட்டுவதை நிறுத்தி அண்ணாந்து பார்த்தாள். படம் எடுத்தவன் அவன். அன்று அவள் அப்படிப் பார்க்கவே இல்லை.

பட்டை அவள் உச்சந்தலையைத் தொட்டது.

"அப்பா, தலையில ஜில்லுனு ஏதோ படுது," என்றாள் பின்னாலிருந்த மகள்.

பாய்ந்து டிவியை அணைத்தான்.

"அம்மா! லைட்டை ஏன் அணைச்சீங்க? ஒண்ணுமே தெரியல!"

கூடத்து விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. மகள் கண்களை அகலத் திறந்தபடி அம்மாவின் முகத்தைக் கையால் துழாவினாள்.

"என்னங்க பண்ணீங்க? போடுங்க! டிவியைப் போடுங்க!"

போட்டான். பழைய பெட்டி. வெளிச்சம் வர நேரம் பிடித்தது. வந்தபோது பட்டை படத்திலிருந்த மகளின் நெற்றிவரை இறங்கியிருந்தது.

பட்டையை எடுத்துவிட வேண்டும். அது இல்லாவிட்டால் அதற்குள் இருப்பதற்கு இடம் ஏது? கணினி முன் உட்கார்ந்தான். படத்தைப் பெரிதாக்கித் திரையை நிரப்பினான். பக்கங்களை வெட்டினான். கணினியில் அம்மாவும் மகளும் நட்டநடுவில்தான் இருந்தார்கள். இரண்டு முறை பார்த்துக்கொண்டான்.

மாற்றி அனுப்பினான்.

டிவியில் பட்டை இல்லை. மேலேயும் இல்லை. கீழேயும் இல்லை. போன உயிர் திரும்பி வந்தது.

பிறகுதான் படத்தைப் பார்த்தான்.

படத்துக்குள் மகள் பயந்து நகர்ந்திருக்கிறாள். பட்டைக்குத் தப்பி, சோபாவின் கோடிக்கு. அவன் வெட்டிய பக்கத்துக்கு.

திரையில் மனைவி மட்டும். விளிம்பிலிருந்து ஒரு சின்னக் கை நீட்டிக்கொண்டிருந்தது. மணிக்கட்டுவரை. அதை மனைவி இரண்டு கைகளாலும் பிடித்திருந்தாள்.

அவனுக்குத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"ஏங்க." பின்னால் மனைவியின் குரல். மிக மெதுவாக. "கை மட்டும்தாங்க இருக்கு."

திரையில் அந்தச் சின்ன விரல்கள் அம்மாவின் கையை இறுக்கிப் பிடித்தன. விளிம்புக்கு அப்பால் இருந்த ஏதோ ஒன்று இழுக்க ஆரம்பித்தது.